சொந்தத் தொலைநோக்கியோடு மலையேறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பழனி மலையில் கூடும்போது, முதல் இரவில் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "மதுரையில மொட்டை மாடியில நல்லாத்தான் சார் தெரிஞ்சுது!" அவர்கள் சொல்வது உண்மை. ஆடி கெட்டுப்போகவும் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 1,800 மீட்டர் ஏறுகிறோம். அந்த ஏற்றத்தில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் குறைந்துவிடுகிறது. வளைவுக்கு வளைவு கருவி குலுங்குகிறது. மேலே போனால் பனி வேறு. கீழே சரியாக இருந்த கருவியை மேலே போய் மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும். அதற்கு நேரம் வைத்துக்கொள்ளாமல் வருவதுதான் மற்றத் தவறுகளில் பாதிக்குக் காரணம்.

மாலை ஆறரைக்கு வந்து சேர்ந்து, ஏழு மணிக்கு வியாழனைப் பார்க்கக் கண் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கோள் கொதிக்கும் நீருக்கடியில் கிடப்பதுபோலத் தெரியும். "இன்னைக்கு வளிமண்டலம் சரியில்ல" என்பார்கள். பல நேரம் கோளாறு குழாய்க்குள்தான் இருக்கிறது. காரின் சூட்டிலேயே வந்த கண்ணாடி தன்மேல் ஒரு வெதுவெதுப்பான காற்றுப் படலத்தைப் போர்த்தியிருக்கும். ஒளி அந்தப் படலத்தை இரண்டு முறை கடக்கிறது. போதாததற்கு, ஆடியின் விளிம்பு முதலில் குளிர்ந்து நடுப்பகுதி சூடாகவே இருந்தால் ஆடியின் வடிவமே மாறும். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு தேய்த்து எடுத்த வடிவம் அது! சாதாரணத் தட்டைக் கண்ணாடியில் இந்தத் தொல்லை அதிகம். போரோசிலிகேட் கண்ணாடி அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விரியும். எந்தக் கண்ணாடியானாலும் 8 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள ஆடிக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். பொழுது சாயும் முன்பே குழாயை நிழலில் திறந்து வையுங்கள். ஆடியின் முதுகுப் பக்கம் கணினியில் பயன்படும் சின்ன மின்விசிறி ஒன்றை ஓடவிட்டால் காத்திருப்பு நன்றாகக் குறையும். பெரிய ஆடி வைத்திருப்பவர்கள் பிற்பகலிலேயே வந்துவிடுவது நல்லது.

அடுத்தது பனி ஈரம். முதன்மை ஆடி குழாயின் அடியில் இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். திறந்த வானத்தின் கீழ் இருக்கும் துணை ஆடி, பைண்டர் (குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கி), ஐபீஸ் (கண் வைக்கும் வில்லை) ஆகியவைதான் முதலில் மங்கும். அப்போது கைக்குட்டையை எடுக்காதீர்கள். ஆடியின் அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. ஈரத்தோடு ஒட்டிய தூசி ஒரே துடைப்பில் கீறிவிடும். யோகா பாய்க்கான நுரைத் தாளைச் சுருட்டிக் குழாய் வாயில் நீட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்தால் போதும். விடியற்காலையில் அறைக்குள் எடுத்துப் போகும்போது வெளியிலேயே மூடிவிட்டு எடுத்துச் செல்லுங்கள்; குளிர்ந்த கண்ணாடியை வெதுவெதுப்பான அறையில் திறந்தால் ஆடி முழுவதும் நீர் கோத்துக்கொள்ளும். ஒட்டுப்பலகையில் டாப்சோனியன் (குழாயைத் தாங்கிச் சுழலும் எளிய பெட்டி) செய்தவர்கள் பலகையின் வெட்டு முனைகளுக்கும் வார்னிஷ் பூசியிருக்க வேண்டும். பூசாத முனைகள் ஈரத்தில் ஊதிக்கொண்டால் வழவழவென்று சுழன்ற பெட்டி இரண்டாம் நாள் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

வழிக் குலுக்கலுக்குப் பயந்து ஆடியின் கவ்விகளை இறுக்கிவிட்டு, மேலே வந்ததும் தளர்த்த மறப்பது இன்னொன்று. நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் முக்கோணமாகத் தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள். கவ்விக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும். கொலிமேஷனை, அதாவது ஆடிகளை ஒரே நேருக்குக் கொண்டுவருவதை, லேசர் மட்டும் வைத்து முடித்துவிட வேண்டாம்; லேசரே கோணலாக இருந்தால் அது காட்டும் நேரும் கோணல்தான். வெளிச்சம் இருக்கும்போதே துளையிட்ட மூடியால் பார்த்துச் சரிசெய்துவிட்டு, இருட்டியதும் ஒரு நட்சத்திரத்தைச் சற்றுக் குவியம் விலக்கி, வளையங்கள் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தொலைநோக்கித் தாங்கிகளின் வெளிநாட்டு வரைபடங்களை அப்படியே நகலெடுப்பது பற்றி நிறையச் சொல்ல வேண்டும். துருவ நட்சத்திரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எந்த ஊரிலும் ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில்தான் நிற்கும். கொடைக்கானலில் அது 10 பாகை. எதிரே ஒரு சோலையோ மேடோ இருந்தால் போயே போயிற்று. கடையில் வாங்கும் சில ஈக்குவடோரியல் மவுண்ட்கள் (துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்த்து வைக்கும் தாங்கிகள்) அவ்வளவு தாழ இறங்காது; எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். 40 பாகை அட்சரேகைக்கு வரைந்த, வானத்தைத் தொடர்ந்து கருவியைத் திருப்பும் சுழல் மேடையும் இங்கே ஒத்துவராது. நம் அட்சரேகைக்கு நாமே கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நீலகிரியில் முத்தொரை போய்ப் பாருங்கள். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு அதை ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 பாகை சாய்ந்த சரிவைத் தேடிப்பிடித்து நிறுவியது. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சைச் சுழற்றி வானத்தைத் தொடர முடிகிறது. 1970 முதல் அது இயங்குகிறது.

தாழ்ந்த அட்சரேகை தரும் பரிசையும் பலர் தவறவிடுகிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1926-இல் தொடங்கிய ஸ்டெல்லஃபேன் கூடுகை உலகெங்கும் தொலைநோக்கி செய்பவர்களுக்குப் பெரிய முன்மாதிரி. ஆனால் ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் கோள வடிவ நட்சத்திரக் கொத்து அங்கே அடிவானத்தைத் தாண்டாது. நமக்கு அது 32 பாகை வரை ஏறுகிறது. மார்ச்சில் நள்ளிரவு கழிந்து தெற்கே திரும்பினால் தென்சிலுவை, கரீனா நெபுலா எல்லாம் கிடைக்கும். ஆகவே கருவியை வைக்கும்போது தெற்கு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேதியும் அப்படித்தான்: அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பழனி மலையை விடாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அமாவாசையை ஒட்டி வையுங்கள்.

கைபேசியின் ஒரு வெளிச்சம் அருகில் இருப்பவர்களின் அரை மணி நேர இருட்டுப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் போதும். தனியாக இருட்டுக்குள் போகாதீர்கள், காட்டுமாடு நடமாடும் இடம். இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பகலில் கருவியை மூடாமல் விட்டுச் சாப்பிடப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சூரியன் நகர்ந்து வந்து குழாய்க்குள் விழுந்தால் தீப்பிடிக்கும். ஒரு குழந்தை கண் வைத்தால் பார்வை போய்விடும். 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஆரப்போக்கில் ஓடுவதைக் கண்டறிந்தது இதே கொடைக்கானல் மலையில்தான். சூரியனைப் பார்க்கக் காலை வேளை அருமையானது, தவறவிடாதீர்கள். ஆனால் வடிகட்டி குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும். ஐபீஸில் திருகும் வடிகட்டி குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடும்; அதைத் தொடவே வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, குறையுள்ள ஆடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது. விளிம்பு சரிந்திருக்கிறது, நடுவில் மேடு விழுந்திருக்கிறது என்று கூச்சப்படுகிறார்கள். ஆடியின் வடிவப் பிழையைக் கத்திமுனை நிழலால் காட்டும் ஃபூக்கோ சோதனைக்கான மேசை இருப்பதே அதற்காகத்தான். மேசையில் வைத்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கை பட்ட இடத்தில் விரல் சூட்டால் ஒரு மேடு எழும், கத்திமுனையில் அது பெரிதாகத் தெரியும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். அங்கேயே மெருகேற்ற நினைத்தால், கீழே சமவெளியில் வார்த்த பிட்ச் (மெருகேற்றும் கீல் போன்ற பொருள்) தட்டு மலைக்குளிரில் இறுகிவிடும். இன்னும் மென்மையான பிட்ச் வேண்டும். பூச்சு ஏறாத ஆடி என்றால் கட்டாயம் கொண்டுவாருங்கள். பூச்சுக்குப் பிறகு குறை தெரிந்தால், பூச்சைக் கரைத்து எடுத்த பின்னரே மறுபடி தேய்க்க முடியும்.