விநியோகஸ்தர் கிடைக்காத படத்துக்குத் துணை நிற்பது எப்படி?

சர்ச்சைக்குரிய சுயாதீனப் படம் ஒன்று திரைக்கு வராமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும், கருத்துச் சுதந்திரம் பற்றி ஓர் அறிக்கை எழுதக் கை பரபரக்கும். அதற்கு முன் இயக்குநரையோ தயாரிப்பாளரையோ நேரில் சந்தித்து, படம் எங்கே நிற்கிறது என்பதைக் கேட்டறியுங்கள். தணிக்கையில் சிக்கியிருக்கிறதா, விநியோகஸ்தர் தயங்குகிறாரா, திரையரங்கம் கிடைக்கவில்லையா என்பதைப் பொறுத்து நாம் செய்ய வேண்டிய வேலை அடியோடு மாறும்.

தணிக்கையில் ஆய்வுக் குழுவின் முடிவை ஏற்க முடியாவிட்டால் மறுஆய்வுக் குழுவிடம் போகலாம். அதற்கு மேல் ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021இல் அது கலைக்கப்பட்டதால், இப்போது மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம்தான் வழி. கடன் வாங்கிப் படம் எடுத்தவருக்கு வழக்குச் செலவு பெரும் சுமை. கட்டணம் வாங்காமல் வாதாட முன்வரும் வழக்கறிஞர் ஒருவரைத் தேடிக் கொடுப்பது, நூறு பேரிடம் கையெழுத்து வாங்குவதைவிட அவருக்கு உதவும்.

சான்றிதழ் கிடைத்த பிறகும் 'கலவரம் வரும்' என்று திரையரங்க உரிமையாளர் அஞ்சினால், உச்ச நீதிமன்றம் 1989இல் அளித்த தீர்ப்பை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. போராட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கக் கூடாது என்றும், அதைக் காப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. இட ஒதுக்கீட்டைக் குறைகூறும் அந்தப் படத்தின் பார்வை எனக்கு உடன்பாடானதன்று. ஆயினும் நான் நேசிக்கும் படங்களுக்கும் இன்று அந்தத் தீர்ப்பே அரணாக நிற்கிறது. இருந்தாலும் உடையப்போவது திரையரங்க உரிமையாளருடைய கண்ணாடியும் நாற்காலியும் என்பதால், தயாரிப்பாளர் பாதுகாப்புக் கேட்டுக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, அதன் நகலை அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

அடுத்தது, படம் வெளியாகும் முன் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் முழுப் படத்தையும் காட்டும் முன்னோட்டக் காட்சி. வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ப்ரிவ்யூ தியேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுக்கும்போது, யாரை அழைப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஒருமுறை நாங்கள் ஒத்த கருத்துள்ளவர்களை மட்டும் அழைத்தோம்; எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், ஆனால் அந்த அறைக்கு வெளியே ஒருவருக்குக்கூடப் படத்தின் பெயர் தெரியவில்லை. இப்போது மூன்றில் ஒரு பங்கு இருக்கைகளைப் படம் யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறதோ அவர்களுக்கும், அதை எதிர்க்கக்கூடும் என்று நாங்கள் நினைப்பவர்களுக்கும் ஒதுக்குகிறோம். கேள்விப்பட்டதை வைத்து எழும் கோபத்தைவிட, படத்தைப் பார்த்த பின் எழும் எதிர்ப்போடு உரையாடுவது எளிது. சான்றிதழ் பெறாத படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிடுவது சட்டப்படி குற்றம் என்பதை மறக்கக் கூடாது. திரைப்பட விழாக்களுக்கு மத்திய அரசு தனி விலக்கு அளிப்பதால், டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா போன்றவற்றுக்குப் படத்தை அனுப்பச் சொல்லலாம்.

திரையரங்கு என்று வரும்போது நாற்பது திரைகளுக்கு ஆசைப்பட வேண்டாம். திரை கூடக் கூட டிஜிட்டல் முறையில் படத்தைத் திரையிடுவதற்கான கட்டணமும் கூடும். காலியான இருக்கைகளைக் காட்டித் திங்கட்கிழமையே படத்தைத் தூக்கிவிடுவார்கள். மக்கள் வேலைக்குப் போகும் நேரத்துக் காலைக் காட்சிகள் பத்தைவிட, நகருக்குள் ஒரே திரையில் மாலைக் காட்சி ஒன்று கிடைப்பது மேல். வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான முன்பதிவைப் பார்த்தே அடுத்த வாரம் முடிவாகிறது. ஆகவே நண்பர்கள், கல்லூரி மாணவர்கள், வாசகர் வட்டத்தினர் என நாளுக்கு ஐம்பது பேரையாவது பணம் கொடுத்து டிக்கெட் வாங்கச் செய்வதே இதில் மிகக் கடினமான, மிகப் பயனுள்ள வேலை.

படத்தைப் பற்றி எழுதும்போது துணிச்சலைப் புகழ்வதோடு நிற்காமல், ஒரு காட்சியை எடுத்து அது ஏன் மனத்தில் தங்குகிறது என்று விளக்குங்கள், குறைகளையும் மறைக்காதீர்கள். படம் பார்க்க உங்களை நம்பி இயக்குநர் அனுப்பிய இணைய இணைப்பை எவ்வளவு நெருங்கிய நண்பருக்கும் அனுப்பாதீர்கள். ஓட்டம் முடிந்ததும், எந்தக் காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள், வசூலில் தயாரிப்பாளருக்கு வந்த பங்குத் தொகை எவ்வளவு என்ற கணக்கைத் தயாரிப்பாளரோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். மதுரையிலோ கோவையிலோ திரை கேட்டுப் போகும்போது அங்குள்ளவர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.