வளைகுடா வெயிலில் முதல் இரண்டு வாரங்கள்

இராமநாதபுரத்து வெயிலைப் பார்த்தவர்களுக்கு எந்த வெயிலும் ஒரு பொருட்டல்ல என்ற நம்பிக்கையோடுதான் நம்மவர் பலர் துபாய்க்கும் தோஹாவுக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஆகஸ்ட் மாதத்தில், ஏசி போட்ட கேம்ப் அறையிலிருந்து விடியற்காலையில் வெளியே வந்த உடனே மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிடும். காற்றில் அவ்வளவு ஈரம் இருப்பதால் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால், சட்டையைப் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தாலும் உடலுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும்.

இந்த வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே முதல் நாள் வழக்கமான வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில் நின்று, பிறகு நாளுக்கு நாள் அதே அளவு கூட்டிக்கொண்டு போக வேண்டும். புதிதாக வந்தவர் இதை ஃபோர்மேனிடம் கேட்கத் தயங்குவார் என்பதால், அதே சைட்டில் பல ஆண்டு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் அவருக்காகப் பேசுவது பெரிய உதவி. விடுமுறையில் ஊருக்கு வந்து சில வாரங்கள் தங்கித் திரும்புகிறவருக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அவர் பாதி நேரத்திலிருந்து தொடங்கலாம்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், அங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் லபன் என்ற புளித்த பால் பானத்தில் சிறிது உப்புப் போட்டுச் சாப்பாட்டோடு குடிப்பது நம் மோரைப் போலவே நல்லது. சிறுநீர் அடர்மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். பால் இல்லாத டீயின் நிறத்துக்கு வந்துவிட்டால் அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரையும், கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரையும் திறந்த வெயிலில் வேலை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது. அந்த நேரத்தை ஊருக்கு ஃபோன் பேசிக் கழிக்காமல், நிழலில் படுத்து உடலை ஆறவிடுவதே முக்கியம்.

உடன் வேலை செய்பவர் திடீரெனச் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்ப வாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அவரை நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்க வேண்டும். நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸ் எண் அமீரகத்தில் 998, கத்தாரில் 999. கேம்ப்புக்கு வந்த அன்றே இதை அறைத் தோழர்கள் எல்லோருடைய ஃபோனிலும் பதிந்து வையுங்கள், ஏனெனில் மயங்கி விழுகிறவரால் தானே அழைக்க முடியாது.