எல்டன் ரிங்: ஷீல்டோடு ஒரு கையா, வாளுக்கு இரண்டு கையுமா?

என் தம்பி எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை ஆரம்பித்த முதல் வாரம், ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்தான். "அக்கா, ஷீல்டு வெச்சுக்கட்டுமா, இல்ல பெரிய வாளுக்கு மாறட்டுமா? மார்கிட்கிட்ட செத்துக்கிட்டே இருக்கேன்." மார்கிட் என்பவன் கேமின் தொடக்கத்தில் வழிமறிக்கும் பெரிய எதிரி. அன்று தம்பிக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த கேமில் நீங்கள் வைத்திருக்கும் எந்த வாளையும் இரண்டு கையால் பிடிக்கலாம். ப்ளேஸ்டேஷனில் முக்கோண பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆர்1. எக்ஸ்பாக்ஸில் ஒய்யும் ஆர்பியும். ஷீல்டு முதுகுக்குப் போய்விடும். அதையே மறுபடி செய்தால் கைக்குத் திரும்பி வரும். அதனால் மொத்த கேமுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நேரம் எப்படிச் சண்டை போடப் போகிறீர்கள் என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும்.

அடுத்து கணக்கு. இரண்டு கையால் பிடிக்கும்போது உங்கள் ஸ்ட்ரென்த்தை (உடல் வலிமைக்கான எண்) கேம் ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்கிறது. ஆகவே வாள் கேட்கும் ஸ்ட்ரென்த்தை 1.5 ஆல் வகுத்துப் பாருங்கள். க்ளேமோர் என்ற பெரிய வாள் கேட்பது 16. இரண்டு கைக்கு 11 இருந்தாலே போதும். அதைவிடப் பெரிய ஸ்வைஹேண்டர் கேட்பது 19. இரண்டு கைக்கு 13. வேகபாண்ட் என்ற வீரனாக ஆரம்பிப்பவருக்கு ஸ்ட்ரென்த் 14, டெக்ஸ்டெரிட்டி (கைத்திறனுக்கான எண்) 13. அதாவது ஒரு லெவல்கூட ஏற்றாமல் இந்த இரண்டு வாளையும் அவரால் இரண்டு கையால் வீச முடியும். க்ளேமோர், வீப்பிங் பெனின்சுலா என்ற பகுதியின் தெற்கு முனையில் இருக்கும் காசில் மோர்னில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. ஸ்வைஹேண்டரை அதே பகுதியில் தனியாக உட்கார்ந்திருக்கும் வியாபாரி 3,500 ரூனுக்கு (கேமின் பணம்) விற்கிறார். ஒரு எச்சரிக்கை: ஒன்றரை மடங்கு ஸ்ட்ரென்த்துக்கு மட்டும்தான். டெக்ஸ்டெரிட்டி குறைவாக இருந்தால் எத்தனை கை போட்டாலும் குறைவுதான். க்ளேமோருக்கு அது 13 வேண்டும்.

எடையையும் பாருங்கள். இரண்டு கையால் பிடித்தால் வாளின் எடை குறையாது. க்ளேமோர் 9, ஸ்வைஹேண்டர் 15.5. மொத்தச் சுமை நீங்கள் தாங்கக்கூடியதில் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் ரோல் (அடியிலிருந்து உருண்டு தப்புவது) மூட்டை உருண்ட மாதிரி ஆகிவிடும், அதற்குப் பிறகு எந்த வாளும் உங்களைக் காப்பாற்றாது. பயன்படுத்தாத ஹால்பர்டை (நீளக் கோல் கோடரி) இடுப்பில் கட்டிக்கொண்டு அலையாதீர்கள், கழற்றி வையுங்கள்.

இனி மார்கிட். தம்பி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. ஷீல்டைத் தூக்கும் எல்1 பட்டனை விடவே இல்லை. மார்கிட் கோலைத் தூக்குகிறான், தூக்கியபடியே நிற்கிறான், இவனும் ஷீல்டுக்குப் பின்னால் நிற்கிறான். ஷீல்டு தூக்கியிருக்கும்போது ஸ்டாமினா (திரையில் பச்சைக் கோடாகத் தெரியும் தெம்பு) மெதுவாகத்தான் ஏறும். முந்தின அடியில் பாதியாகக் குறைந்த பச்சைக் கோடு ஏறுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. கோடு காலி, கை விலகியது, தங்க நிறச் சுத்தியல் நேராக மேலே. அந்தச் சுத்தியலும் தங்கக் கத்தியும் ஹோலி டேமேஜ், அதாவது மந்திர ஒளியின் அடி. வேகபாண்டின் ஹீட்டர் ஷீல்டு சாதாரண அடியை 100 சதவீதம் தடுக்கும், ஹோலியை அப்படித் தடுக்காது.

அதனால் ஷீல்டு வைத்து ஆடுவதென்றால் அடி விழும் நேரத்துக்கு மட்டும் தூக்குங்கள், உடனே இறக்குங்கள். தடுத்த கையோடு ஆர்2 (பலமான வெட்டு) அழுத்துங்கள். கார்டு கவுண்ட்டர் என்று அதற்குப் பெயர். ஒரு கை ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். சோல்ஜர், நைட் போன்ற மனித அளவு எதிரிகளிடம், குறுகலான வழிகளில், புது இடத்துக்குள் முதன்முறை நுழையும்போது நான் இன்றும் ஷீல்டோடுதான் போகிறேன்.

அடியை நிறுத்தி நிறுத்தி விடும் பெரிய பாஸ் என்றால் இரண்டு கை. ரோல் செய்து தப்பி, குதித்து ஆர்2. அந்த அடிகள் சேர்ந்தால் மார்கிட்டே மண்டி போடுவான். அப்போது முன்னால் போய் ஆர்1 அழுத்தினால் அந்த ஒரு குத்தில் உயிர்க்கோடு நன்றாக இறங்கும். தம்பியை க்ளேமோர் எடுக்க வைத்ததற்கு இன்னொரு காரணம், அதோடு வரும் லயன்ஸ் க்ளா என்ற ஸ்கில் (வாளின் சிறப்பு அடி): குட்டிக்கரணம் அடித்து மேலிருந்து இறக்கும் வெட்டு. இரண்டு கையால் பிடித்திருந்தால் எல்2 எப்போதும் வாளின் ஸ்கில்தான். ஒரு கையில் பக்லர் மாதிரி பாரி செய்யும் (எதிரியின் அடியைத் தட்டிவிடும்) ஷீல்டு இருந்தால் எல்2 ஷீல்டுக்குப் போய்விடும். வெட்டப் போகிறேன் என்று நினைத்து அழுத்தி, பாரி வந்து செத்தவர்கள் நிறைய.

கைக்கு ஒன்றாக இரண்டு வாள் வைத்து ஆடுவது தனி வழி. அதில் ஒன்றரை மடங்கு கிடைக்காது, எடையும் இரட்டிப்பு. முதல் ஆட்டத்தில் வேண்டாம்.

கடைசிவரை இரண்டு கைதான் என்று தீர்மானித்துவிட்டால் ஸ்ட்ரென்த்தை 54-இல் நிறுத்துங்கள். ஒன்றரை மடங்கில் அது 81. 80 தாண்டினால் ஏற்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் பலன் சொற்பம். ஒரு கையால் அங்கே போக இன்னும் 26 லெவல் செலவாகும். மிச்சமாகும் அந்த லெவல்களை உயிர்க்கோட்டை நீளமாக்கும் விகருக்குப் போடுங்கள்.

இன்னும் குழப்பமாக இருந்தால் கேட்ஃப்ரண்ட் இடிபாடுகளில் இருக்கும் சோல்ஜர் முகாமுக்குப் போங்கள். பக்கத்து கிரேஸில் (ஓய்வெடுக்கும் இடம்) உட்கார்ந்து எழுந்தால் எல்லோரும் திரும்ப வந்துவிடுவார்கள். ஐந்து தடவை ஷீல்டோடு, ஐந்து தடவை இரண்டு கையோடு முகாமைக் காலி செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் எத்தனை ஃப்ளாஸ்க் (உயிரை ஏற்றும் மருந்து) குடித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.