மோட்டாரில் கோளாறு இல்லை, எர்த்தில்தான்

மழையில் என் ஜீப் அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. வின்ச் (வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மின் மோட்டார் கருவி) பட்டனை அழுத்தினால், மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்சான சோலினாய்டு 'டக் டக்' என்றதோடு சரி. நண்பர் வண்டியிலிருந்த அதே 9,500 பவுண்டு வின்ச்தான் இழுத்துப் போட்டது.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்தேன். லோடு ஏறும்போது பேட்டரியில் 12 வோல்ட், மோட்டார் முனையில் 7. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரைப் பெயின்ட் அடித்த பம்பரில் முடுக்கியிருந்தார்கள்! முழு லோடில் 400 ஆம்பியர் வரை கேட்கும் மோட்டாருக்கு அது எப்படிப் போதும்? தடித்த கேபிளை நேராகப் பேட்டரி நெகட்டிவில் கொடுத்தேன்.

அப்புறம் இரண்டு வின்ச்சையும் ஒரே மேட்டில் சோதித்தோம். டிரம்மில் கயிறு அடுக்கடுக்காக இருந்தபோது இரண்டுமே திணறின. வின்ச்சுக்குச் சொல்லப்படும் முழு பலம் டிரம்மை ஒட்டிய முதல் அடுக்கில்தான் கிடைக்கும். கப்பி போட்டதும் வேகம் பாதியானது, ஆனால் இரண்டும் சிரமமில்லாமல் இழுத்தன.