மதுரையிலிருந்து நிலநடுக்க மையத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல இன்றுவரை எவராலும் இயலவில்லை. ஆனால் வந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வரைபடமும் கவராயமும் எட்டாம் வாய்ப்பாடும் கைவசம் இருந்தால் பள்ளி மாணவரே கண்டுபிடித்துவிடலாம். "நாளை இரவு தமிழ்நாட்டில் நிலநடுக்கம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுப்பதைவிட நல்ல மருந்து வேறில்லை என்பது என் கருத்து.

படி 1: இரண்டு அலைகளைப் பிரித்தறிதல்

மதுரைச் சந்திப்பில் நிற்கும் சரக்கு ரயிலில் எஞ்சினைக் கொண்டுவந்து இணைக்கும்போது, முதல் பெட்டியில் விழும் இடி அடுத்தடுத்த பெட்டிகளுக்குத் தாவிக் கடைசிப் பெட்டிவரை செல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாறைக்குள் இப்படித் தள்ளித் தள்ளிச் செல்வது முதன்மை அலை. அதைப் பி அலை என்பார்கள். ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி மறுமுனையை உதறினால் கயிறு பக்கவாட்டில் நெளிகிறதல்லவா, அவ்வாறு நெளிந்து செல்வது இரண்டாம் அலையாகிய எஸ் அலை. நில மேலோட்டின் கடினப் பாறையில் பி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டரும் எஸ் அலை சுமார் 3.5 கிலோமீட்டரும் கடக்கும்.

மாட்டுத்தாவணியிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும் இரண்டு பேருந்துகளுள் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலும் மற்றொன்று 35 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால், ஊர் தூரமாக ஆக ஆக இரண்டும் வந்துசேரும் நேரத்தின் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அலைகளின் கணக்கும் இதுவே. ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் பி அலைக்கு 0.167 நொடியும் எஸ் அலைக்கு 0.286 நொடியும் ஆகின்றன, வேறுபாடு 0.119 நொடி. ஆகவே ஒரு நொடி இடைவெளிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரம் என்று கொள்ளலாம்.

படி 2: அதிர்வுப் பதிவைப் பார்த்துப் பழகுதல்

ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைப்பேசியில் உள்ள, அசைவை அளக்கும் முடுக்கமானியின் அளவீட்டைக் கோடாக வரைந்து காட்டும். அதில் ஈர்ப்பு விசை நீக்கிய முடுக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியை வெறுந்தரையில் வையுங்கள். ஓர் அடி தள்ளி நின்று குதிகாலால் தரையைத் தட்டினால், கோடு சட்டென எகிறி உடனே அடங்கும். சமையலறையில் மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே சீரான நடுக்கம் நிற்காமல் ஓடும். நிலநடுக்கப் பதிவின் சாயல் இரண்டிலும் சேராதது: முதலில் சிறிய துடிப்பு, சில நொடிகள் கழித்துப் பெரிய ஆட்டம், பிறகு மெல்ல மெல்ல ஓய்தல். தொலைதூர நடுக்கத்தை உணரும் நுண்மை கைப்பேசிக்கு இல்லை. அதற்கான கருவியைப் போக்குவரத்து இரைச்சல் எட்டாத இறுகிய பாறையின்மீதே நிறுவ வேண்டும். 1897ஆம் ஆண்டு அசாம் பெருநடுக்கத்துக்குப் பின் நில அதிர்வுமானி வைக்கப்பட்ட இந்தியாவின் முதல் சில இடங்களுள் நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலும் ஒன்று.

படி 3: வட்டம் வரைதல்

இது பயிற்சிக்காக நான் அமைத்த கணக்கு. பி அலைக்கும் எஸ் அலைக்கும் இடையே மதுரையில் 22 நொடி, கொடைக்கானலில் 13 நொடி, திருச்சியில் 24 நொடி இடைவெளி பதிவானதாகக் கொள்வோம். எட்டால் பெருக்கினால் முறையே 176, 104, 192 கிலோமீட்டர் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு 20 கிலோமீட்டர் என்ற அளவில் உள்ள வரைபடத்தில், மதுரையில் கவராய முனையை ஊன்றி 8.8 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். நடுக்கம் அந்த வட்டத்தின் விளிம்பில் எங்கேயும் இருந்திருக்கலாம். கொடைக்கானலிலிருந்து 5.2 சென்டிமீட்டர் ஆரத்தில் இரண்டாவது வட்டம் போட்டதும் வாய்ப்பு இரண்டு புள்ளிகளாகச் சுருங்கும், திருச்சியிலிருந்து 9.6 சென்டிமீட்டரில் போடும் மூன்றாவது வட்டம் அவற்றுள் ஒன்றை விலக்கிவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய் நிற்கும். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று தென்னிந்தியாவை உலுக்கிய நடுக்கம் அந்த வட்டாரத்தில்தான் எழுந்தது. மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் கச்சிதமாகச் சந்திக்காமல் சிறிய முக்கோணத்தை விட்டுவைத்தால் உங்கள் கணக்கு தவறென்று நினைத்து அழிக்க வேண்டாம். நடுக்கம் பூமிக்குள் ஆழத்தில் தொடங்குவதும் பாறைக்குப் பாறை வேகம் மாறுவதும் அதற்குக் காரணம்.

படி 4: எட்டாம் வாய்ப்பாடு எங்கே தோற்கும்?

2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே 9.1 அளவில் நிகழ்ந்த நடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து அதன் தூரம் ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். இத்தனை தூரத்துக்கு அலைகளின் இடைவெளி சுமார் மூன்றரை நிமிடம், அதாவது 210 நொடி. எட்டால் பெருக்கினால் 1,680 கிலோமீட்டர்தான் வருகிறது. நெடுந்தூரம் செல்லும் அலைகள் மேலோட்டைத் தாண்டிக் கீழுள்ள அடர்ந்த பாறையில் இறங்கி விரைவதால், தொலைதூர நடுக்கங்களுக்கு, எவ்வளவு தூரத்துக்கு அலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று காட்டும் பயண நேர அட்டவணையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அன்று பி அலை நான்கு நிமிடங்களைச் சற்றுக் கடந்த நேரத்தில் தமிழ்நாட்டை அடைந்துவிட்டது. ஆழிப்பேரலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் நாகப்பட்டினத்துக்கு யாரும் சொல்லி அனுப்பாமல் போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. 2007இல் ஹைதராபாதில் தொடங்கப்பட்ட ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அந்த இடைவெளியைப் பயன்படுத்தவே இயங்குகிறது.

நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல இயலாது என்றேன், எரிமலையின் இயல்பு வேறு. பாறைக்குழம்பு மேலேறும்போது சிறுசிறு நடுக்கங்கள் கூட்டமாகத் தோன்றுவதால், பல நேரங்களில் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ முன்னறிகுறி கிடைக்கும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடிப்பதற்கு முன்பே பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டது அப்படித்தான். அந்தமான் கடலிலுள்ள பேரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை, அதே 1991இல்தான் நெடுங்கால உறக்கத்துக்குப் பின் விழித்தது.

படி 5: வீட்டில் நடுக்கத்தை உணர்ந்தால்

முதலில் உறுதியான மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தபடியே, முதல் துடிப்புக்கும் பெரிய ஆட்டத்துக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். ஆட்டம் நின்றபின் மணியையும், எந்தத் தளத்தில் இருந்தீர்கள் என்பதையும், மின்விசிறி ஆடியதா, பாத்திரம் உருண்டதா என்பதையும் மறப்பதற்குள் குறித்துவைத்து, தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்யுங்கள்.