கல்யாணச் செலவுக் கணக்கு: மொய் நோட்டிலிருந்து தொடங்குங்கள்

போன வைகாசியில் கோபிசெட்டிபாளையத்தில் தங்கச்சி கல்யாணத்தை எடுத்துச் செய்தேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. பழைய மொய் நோட்டை எடுங்கள். முதலில் வேண்டியது தலைக்கணக்கு, தொகை அப்புறம். அக்கா கல்யாண நோட்டில் 410 பேர் எழுதியிருந்தார்கள். அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஒவ்வொரு பேராக வாசிக்க, அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று அம்மா சொல்ல, பென்சிலில் குறித்தேன். 800 வந்தது.

2. வேளை வாரியாக இலை பேசுங்கள். இங்கேதான் சறுக்கினேன். மூன்று வேளைக்கும் 800 இலை என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன். முந்தின நாள் ராத்திரிப் பந்தி நிறைந்தது. முகூர்த்தமோ காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள். தாலி கட்டியதும் டிபனை முடித்துக்கொண்டு பாதிப்பேர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். மதியம் விழுந்தது 250 இலைதான். இலைக்கு 180 ரூபாய் பேச்சு. சாப்பிடாத 550 இலைக்கு 99,000 ரூபாய் கொடுத்தோம். அண்டாவில் சாம்பார் அப்படியே நின்றதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

அதனால் நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் ராத்திரி, காலை, மதியம் என்று மூன்று கட்டம் போடுங்கள். குறைந்தபட்ச இலையைக் குறைவாகப் பேசி, கூடினால் இலைக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இலை எண்ண நம்பிக்கையான ஒரு சித்தப்பாவைப் பந்தியிலேயே நிறுத்துங்கள்.

3. மண்டப வாடகை மட்டும் செலவல்ல. கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கேஸ், துப்புரவு எல்லாம் தனி. சாவி வாங்கும்போதே மீட்டரைப் போட்டோ எடுங்கள், ஒப்படைக்கும்போது இன்னொன்று.

4. நகைக்குப் பவுன் விலையோடு சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து எழுதுங்கள். பட்டுக்கு எனக்குச் சிறுமுகை பிடிக்கும். முகூர்த்த நாளில் சத்தியமங்கலம் மல்லி விலை ஏறிவிடும், மாலைக்கு முன்பே விலை பேசி அட்வான்ஸ் கொடுங்கள்.

5. கணக்குக்கு நீளமான குயர் நோட்டுதான் என் விருப்பம். எக்செல் போட்டேன், மாமா ஒரு நாளும் திறக்கவில்லை. கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரருக்கும் சீர் செய்பவர்களுக்கும் கொடுக்க 10, 50, 100 ரூபாய் நோட்டுகளை ஒருவர் கையில் தனிப்பையாகக் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: மொய்யை வரவில் எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். எழுதாதீர்கள், அது திரும்பச் செய்ய வேண்டிய பணம். நாங்கள் அதைத் தனியாக பேங்கில் போட்டோம். ஆவணியில் வந்த ஏழு பத்திரிகைக்கும் அதிலிருந்துதான் செய்தோம்.