மாமாவுக்கு மேஜிக் சொல்லிக்கொடுக்கிறீர்களா? முதல் ஆட்டத்தைக் கெடுக்கும் தவறுகள்

மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டு தெரியாத உறவினரை மேசைக்கு இழுத்து வருவது பெரிய காரியமில்லை. உங்கள் முகத்துக்காக ஒரு ஆட்டத்துக்கு யாரும் சம்மதிப்பார்கள். இரண்டாவது ஆட்டத்தை அவர்களே கேட்க வேண்டும். கேட்பார்களா இல்லையா என்பது பெரும்பாலும் நீங்கள் எந்த டெக்கை, அதாவது சீட்டுக்கட்டை, எடுத்து வைக்கிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

நால்வர் ஆடும் கமாண்டர் என்ற ஆட்ட வகையில் நேராக உட்காரவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தொடக்கம். டெக்கில் 100 சீட்டு, ஆளுக்கு 40 லைஃப் (உயிர்ப் புள்ளி), அடிப்படை லேண்ட் (நிலச் சீட்டு) தவிர எந்தச் சீட்டும் இரண்டு கிடையாது. ஒரு சீட்டை முக்கி முனகிப் படித்துப் புரிந்துகொண்டாலும் அது மறுபடி கைக்கு வரப்போவதில்லை. மற்ற மூவரும் யோசித்து முடித்துத் தன் முறை வருவதற்குள் அவர் கை போனைத் தேடியிருக்கும். இருவர் ஆட்டம், 20 லைஃப், அது போதும்.

அடுத்தது, உங்கள் செல்ல டெக்கைக் கொடுப்பது. அது உங்கள் அனுபவத்துக்குக் கட்டிய டெக். அவர் கையில் ஓடாது. புதிதாக இரண்டு டெக் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 40 சீட்டு, ஒரே நிறம்: 17 லேண்ட், 16 கிரியேச்சர் (சண்டையிடும் உருவங்கள்), 7 மந்திரம். சீட்டு இறக்கக் கொடுக்கும் விலைதான் மானா, அது லேண்டிலிருந்து வருகிறது. கிரியேச்சர்களை விலைவாரியாகப் பிரித்தால் ஒரு மானாவுக்கு 2, இரண்டுக்கு 5, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2. ஒரு பக்கம் பெரிய உருவங்கள் உள்ள பச்சை, மறுபக்கம் பறப்பவை உள்ள வெள்ளை என்று வைத்தால் இரண்டின் குணமும் பார்த்ததுமே தெரியும். முக்கியமான சீட்டுகளை மூன்று நான்கு பிரதி போடுங்கள். அதே சீட்டைத் திரும்பப் பார்க்கும்போதுதான் தெம்பு வருகிறது.

நீலத்தை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள். அவர் நான்கு டர்ன் (முறை) சேர்த்து ஒரு பெரிய கிரியேச்சரை இறக்கும்போது ‘கவுன்டர்ஸ்பெல்’ என்ற நீலச் சீட்டைப் போட்டு அதை ரத்துசெய்தால், அது உங்களுக்கு ஆட்டம்; அவருக்கு அது தன்னை ஆடவே விடாத அராஜகம்.

சீட்டுகள் தமிழில் வருவதில்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். பொடி எழுத்தில் ஐந்து வரி ஆங்கிலம் இருந்தால், படிக்கச் சிரமப்படுபவர் அதைச் சொல்லமாட்டார், படித்ததுபோல் தலையாட்டிவிடுவார். ‘கிரிஸ்லி பேர்ஸ்’ போல எண்களையும் சின்னங்களையும் பார்த்தாலே போதுமான சீட்டுகள் டெக்கில் பாதியாவது இருக்கட்டும். இரண்டு மானா கொடுத்தால் 2/2 உருவம் ஒன்று (முதல் எண் அடிக்கும் பலம், அடுத்தது தாங்கும் பலம்), அவ்வளவுதான்.

விளக்கம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முழு விதித் தொகுப்பு 200 பக்கத்துக்கும் மேல் போகிறது. அதில் முதல் நாளுக்குத் தேவையானது இவ்வளவே: எதிராளியின் 20 லைஃபைப் பூஜ்யமாக்க வேண்டும். டர்னில் ஒரு லேண்ட் வைக்கலாம். லேண்டைப் பக்கவாட்டில் திருப்பினால், அதாவது டேப் செய்தால், ஒரு மானா. அதைக் கொண்டு சீட்டு இறக்கலாம். பிறகு அடிக்கலாம். ஸ்டாக், பிரயாரிட்டி, அப்கீப் போன்ற நுணுக்க விதிகளைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். முதல் ஆட்டத்தில் இன்ஸ்டன்ட்டே (எதிராளியின் டர்னிலும் போடக்கூடிய மந்திரம்) இல்லாமல் செய்துவிட்டால் இவற்றைப் பற்றிப் பேசும் அவசியமும் வராது. இருவர் கையையும் மேசையில் விரித்து வைத்தே ஆடுங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். சீட்டின் விலை ‘1 என்ற எண் உள்ள வட்டமும் ஒரு மரமும்’ என்றால் மொத்தம் இரண்டு மானா என்று விளங்காது. இந்த டர்னில் இறங்கிய கிரியேச்சர் இப்போதே அடிக்க முடியாது, ஆனால் எதிராளியின் டர்னில் தடுக்கலாம் என்பது முரணாகத் தோன்றும். எல்லாவற்றையும்விட, அடிப்பது எதிராளியை, அவர் கிரியேச்சரை அல்ல என்பதுதான் பிடிபடாது; யார் யாரைத் தடுப்பது என்று தடுப்பவர்தான் தீர்மானிக்கிறார். அடிக்கப் போனது டேப் ஆகிவிடும், எதிராளியின் அடுத்த டர்னில் தடுக்க நிற்காது. தடுப்பது டேப் ஆகாது. பட்ட அடி டர்ன் முடிந்ததும் ஆறிவிடும். இவற்றை முன்கூட்டியே ஒப்பிக்காமல், அந்தந்தச் சூழல் மேசையில் வரும்போது சொல்லுங்கள்.

லேண்ட் விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். 40-இல் 17 லேண்ட் என்றால், முதல் ஏழு சீட்டில் லேண்ட் ஒன்றோ பூஜ்யமோ வருவது பத்தில் ஒரு தடவை நடக்கும். அந்தக் கையோடு ஆடவிட்டால் அவர் ஐந்து டர்ன் சும்மா உட்கார்ந்திருந்து தோற்பார், தனக்கு ஆடத் தெரியவில்லை என்றும் முடிவுகட்டுவார். லேண்ட் இரண்டுக்குக் குறைந்தாலோ ஐந்துக்கு மிஞ்சினாலோ கலைத்து மறுபடி ஏழு எடுக்கச் சொல்லுங்கள். இப்படி மறுபடி எடுத்தால் ஒரு சீட்டை டெக்கின் அடியில் வைக்க வேண்டும் என்ற விதியை முதல் நாள் விட்டுவிடலாம். இன்னும் பாதுகாப்பான வழி, இரு டெக்கிலும் மேல் 15 சீட்டை நீங்களே அடுக்கி வைப்பது. இது ஏமாற்று அல்ல, பாடத்திட்டம். பின்பு ஆடும் ஆட்டங்களில் ஏழெட்டு முறை நன்றாகக் கலைக்க வேண்டும். போன ஆட்டத்து லேண்டெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து கிடக்கும்.

“புரிஞ்சுதா மாமா?” என்று கேட்காதீர்கள். வயதில் சின்னவர் கேட்டால், அதுவும் பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது, “புரிஞ்சுது” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “இப்ப நான் இதால அடிச்சா நீங்க எதை வச்சுத் தடுப்பீங்க?” என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அவர் சீட்டைத் தொட்டதும் “அது வேண்டாம், இதைப் போடுங்க” என்று குறுக்கிடுவதும் கூடாது. என்னென்ன செய்ய முடியும் என்று சொல்லுங்கள், எது நல்லது என்பதை அவரிடம் விடுங்கள். புதிய சீட்டு எதுவும் எடுக்காதவரை ஆடியதைத் திரும்பப் பெற அனுமதியுங்கள்.

வேண்டுமென்றே தோற்கவும் வேண்டாம். பெரியவர்களுக்கு அது உடனே தெரியும், குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். சலுகை தருவதென்றால் வெளிப்படையாக உங்கள் லைஃபை 15-இல் தொடங்குங்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் கையை மறைத்துக்கொண்டு ‘ஜயன்ட் குரோத்’ என்ற இன்ஸ்டன்ட்டை மட்டும் சேருங்கள். ஒரே பச்சை மானாவில் டர்ன் முடியும்வரை +3/+3. தடுத்தபின் 2/2 கரடி 5/5 ஆகும்போது இன்ஸ்டன்ட் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. மூன்றாவதில் டெக்கை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிறம் கலப்பது, நான்கைந்து சீட்டை அவரே மாற்றிப் பார்ப்பது எல்லாம் வேறொரு நாளைக்கு.